இரண்டு 'பேக்கப்'புகளுக்கு நடுவே

திரைப்படப் படப்பிடிப்புத் தளத்தில் 'பேக்கப்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு சொற்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இயக்குநர் உரக்கச் சொல்லும் 'பேக்கப்', அன்றைய வேலை முடிந்தது, எல்லோரும் கிளம்பலாம் என்பதன் அறிவிப்பு. தளத்தின் ஓரத்தில் கணினி முன் அமர்ந்திருப்பவர் செய்யும் 'பேக்கப்', அன்று எடுத்த காட்சிகளுக்கு நகல் எடுக்கும் வேலை. முதல் 'பேக்கப்' ஒலித்ததும் விளக்குகள் அணைகின்றன, கேபிள்கள் சுருட்டப்படுகின்றன, ஜெனரேட்டர் வேன் நிறுத்தப்படுகிறது. இரண்டாவது 'பேக்கப்' பெரும்பாலும் அப்போதுதான் பாதியில் இருக்கிறது. இந்த இடைவெளிக்கான மின்சாரம் எங்கிருந்து வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பொருளியல் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என்னிடம் பயின்று, பின்னர் திரைத்துறைக்குச் சென்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் நடந்த படப்பிடிப்பில், நகல் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஜெனரேட்டர் நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை அந்த ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை. அதில் முந்தைய மூன்று நாள் காட்சிகளும் இருந்தன. அவற்றின் இன்னொரு நகல் ஏற்கெனவே சென்னைக்குச் சென்றிருந்ததால் படம் தப்பியது. அவருடைய வேலை தப்பவில்லை. 'சார், எந்த பேட்டரி வாங்கலாம்?' என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

ஏன் இந்தச் சிக்கல்?

1977-இல் வெளியான '16 வயதினிலே'க்குப் பிறகு தமிழ்த் திரைப்படம் ஸ்டூடியோவின் சுவர்களைத் தாண்டிக் கிராமங்களுக்குப் பெருமளவில் சென்றது. கூடவே ஜெனரேட்டர் வேனும் சென்றது. ஆனால், அன்று மின்சாரம் முதன்மையாக விளக்குகளுக்கே தேவைப்பட்டது. எடுத்த காட்சி ஃபிலிம் சுருளில் இருந்தது. மின்சாரம் போனால் படப்பிடிப்பு நிற்கும்; எடுத்தது அழியாது.

2007-இல் ரெட் ஒன், 2010-இல் ஆரி அலெக்ஸா ஆகிய டிஜிட்டல் கேமராக்கள் வந்த பின்னர் நிலைமை மாறியது. காட்சிகள் மெமரி கார்டில் பதிகின்றன. அந்த கார்டுகள் விலை உயர்ந்தவை. ஒரு சிலவே தளத்தில் இருக்கும். எனவே, பதிந்ததை உடனுக்குடன் ஹார்ட் டிஸ்குகளுக்கு மாற்றிவிட்டு, கார்டைத் துடைத்து மீண்டும் கேமராவில் பொருத்த வேண்டும். உயர்தர கேமராவின் சுருக்கப்படாத மூலப் பதிவில், ஒரு மணி நேரக் காட்சி ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். இந்தப் பணிக்காகச் சக்கரம் பொருத்திய வண்டி ஒன்றில் கணினி, திரைகள், கார்டு ரீடர், ஹார்ட் டிஸ்க் அடுக்கு ஆகியவற்றை ஏற்றித் தளம்தோறும் கொண்டுசெல்கின்றனர். இதை இயக்குபவரைத் துறையில் டி.ஐ.டி. என்று அழைக்கின்றனர். பல நூறு பேரின் ஒரு நாள் உழைப்பு, நாள் முடிவில் அந்த வண்டிக்குள்தான் இருக்கிறது.

மின்சாரம் திடீரென நின்றால் என்ன ஆகும்? படிக்கப்படும் கார்டுக்குப் பொதுவாகச் சேதம் நேர்வதில்லை. ஆபத்து, எழுதப்படும் ஹார்ட் டிஸ்குக்குத்தான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணை பாதி எழுதிய நிலையில் நின்றுவிட்டால், அன்றைய காட்சிகள் மட்டுமல்ல, அதே டிஸ்கில் உள்ள பழைய காட்சிகளும் எட்டாமல் போகலாம். இன்னொரு ஆபத்து மனிதத் தவறு. மின்சாரம் மீண்டு வந்த அவசரத்தில், நகல் முடிந்துவிட்டது என்று எண்ணி கார்டைத் துடைத்துவிடுவது. இதிலிருந்து மீள வழியே இல்லை.

எதைக் காக்கிறோம்?

மாற்று மின்சாரம் வாங்கச் செல்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, 'எவ்வளவு நேரம் தாங்கும்?' என்பது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு நேரம் தாங்கினால் போதும்?' என்பது. முழு நாளும் பேட்டரியில் ஓட்டுவது நோக்கம் அல்ல. தொடங்கிய நகலை முடித்து, அது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, கணினியை முறைப்படி நிறுத்தும் வரையிலான நேரத்தைக் காப்பதே நோக்கம். இந்த வேறுபாடு புரிந்தால் செலவு பல மடங்கு குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாள் முடிவில் ஒரு டெராபைட் நகல் எடுக்க எஞ்சியிருக்கிறது. நொடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் அதை மாற்ற ஏறத்தாழ 33 நிமிடங்கள் ஆகும். எழுதியதை மீண்டும் படித்து மூலத்தோடு ஒப்பிடும் 'செக்சம்' சரிபார்ப்புக்கு இன்னொரு 33 நிமிடங்கள். தடங்கல்களுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மின்தேவை. மேசைக் கணினிக்கு 250 வாட், இரண்டு திரைகளுக்கு 100, ஹார்ட் டிஸ்க் அடுக்குக்கு 60, கார்டு ரீடர் முதலானவற்றுக்கு 20. மொத்தம் 430 வாட். ஒன்றரை மணி நேரத்துக்கு 645 வாட் மணி. பேட்டரியின் நேர் மின்சாரத்தை 230 வோல்ட் மாறு மின்சாரமாக மாற்றுகையில் சுமார் 15 விழுக்காடு வீணாகும் என்று கொண்டால், தேவை ஏறத்தாழ 760 ஆகிறது. பேட்டரி பழையதாகும்போது கொள்ளளவு குறையும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் 950. ஆக, 1,000 வாட் மணிக் கொள்ளளவு தேவை.

இதே வேலையை மடிக்கணினி, ஒரு திரை, எஸ்.எஸ்.டி. ஆகியவற்றைக் கொண்டு செய்தால் 160 வாட் போதும். அதே முறையில் கணக்கிட்டால் 350 வாட் மணிதான் தேவைப்படும். மேலும், மடிக்கணினி தனக்குள்ளேயே ஒரு பேட்டரியைக் கொண்டிருப்பதால், திடீர் மின்தடையில் அது அணைவதில்லை. பெரிய பேட்டரி வாங்குமுன் சிறிய கணினி போதுமா என்று பார்ப்பதே முதல் சிக்கனம். இங்கே குறிப்பிட்டவை எடுத்துக்காட்டு எண்கள். அவரவர் வண்டியின் உண்மையான மின்தேவையைச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வாட் மீட்டர் கொண்டு, நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தறிய வேண்டும்.

யூபிஎஸ் மூன்று வகை

கடைகளில் விற்கும் யூபிஎஸ்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். 'ஆஃப்லைன்' வகை, மின்சாரம் நின்ற பிறகு பேட்டரிக்கு மாறும். அதற்குப் பொதுவாக 4 முதல் 10 மில்லி விநாடி ஆகும். கணினியின் மின்வழங்கி, உள்ளே வரும் மின்சாரம் நின்றாலும் ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. எனவே, வீட்டு மின்சாரத்தில் இந்த வகையே போதும். 'லைன் இன்டராக்டிவ்' வகை, மின்னழுத்த ஏற்ற இறக்கங்களைப் பேட்டரியின் உதவியின்றியே ஓரளவு சரிசெய்யும். 'ஆன்லைன்' வகை, வரும் மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கி, மீண்டும் புதிதாக மாறு மின்சாரமாக்கித் தருகிறது. இதில் மாறும் நேரம் என்பதே இல்லை.

படப்பிடிப்புத் தளத்தில் மூன்றாவது வகைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காரணம், ஜெனரேட்டர். பெரிய விளக்கு ஒன்றை ஏற்றும்போதோ அணைக்கும்போதோ ஜெனரேட்டரின் மின்னழுத்தமும், 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய அதிர்வெண்ணும் ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை மின்தடை என்று கருதி, முதல் இரு வகை யூபிஎஸ்கள் அடிக்கடி பேட்டரிக்கு மாறிக்கொண்டே இருக்கும். மாலையில் உண்மையான மின்தடை வரும்போது பேட்டரி வெறுமையாக இருக்கும். ஆன்லைன் வகை விலை கூடுதல். விசிறியின் ஒலியும் உண்டு. ஆனால், இந்தக் குறை அதற்கு மிகக் குறைவு.

யூபிஎஸ் மீது எழுதியிருக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். '1,000 விஏ' என்பது 1,000 வாட் அல்ல. மலிவு விலைக் கருவிகளில் அது 600 வாட்டாகவே இருக்கும். அந்த 600 வாட்டும் எவ்வளவு நேரம் என்பது வேறு கேள்வி. சிறிய யூபிஎஸ்களில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியின் பெயரளவுக் கொள்ளளவு 84 வாட் மணி. வேகமாக மின்சாரம் உறிஞ்சப்படும்போது ஈய அமில பேட்டரி அதில் ஏறத்தாழப் பாதியையே தரும். 300 வாட் சுமைக்கு அது எட்டு நிமிடம்கூட நீடிப்பது கடினம். கணினியை முறைப்படி நிறுத்த அது போதும். நகலை முடிக்கப் போதாது.

ஈயமா, லித்தியமா?

நம் வீடுகளில் உள்ள இன்வெர்ட்டர் பேட்டரியை வண்டியில் ஏற்றிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். விலை குறைவு, எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் உண்டு என்பவை அதன் நன்மைகள். ஆனால், ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். எனவே, மேலே கண்ட தேவைக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி வேண்டும். அதன் எடை 50 கிலோவைத் தாண்டும். மேடு பள்ளமான வழியில் வண்டி சாய்ந்தால் அமிலம் சிந்தும் ஆபத்தும் உண்டு. நிலையான இடத்துக்கு அது நல்ல தேர்வு. நகரும் வண்டிக்கு அல்ல.

லித்தியம் அயனி பேட்டரிகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை எடை குறைந்தது. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை சற்றே எடை கூடியது. ஆனால், இந்த இரண்டாம் வகை கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். தீப்பற்றும் வாய்ப்பு குறைவு. ஈராயிரம் முறைக்கு மேல் நிரப்பி வடிக்கலாம். 1,000 வாட் மணி கொண்ட இவ்வகை 'பவர் ஸ்டேஷன்' பெட்டி, ஒருவர் தூக்கும் எடையிலேயே இருக்கிறது. படப்பிடிப்பு வண்டிக்கு இதுவே பொருத்தமானது.

இந்த பேட்டரியின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஜான் குடினஃப் உடன் பல்லாண்டுகள் பணியாற்றியவர், மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். அன்று குடினஃப் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே.

பவர் ஸ்டேஷன் வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அது தரும் மின்சாரம் தூய சைன் அலையாக இருக்க வேண்டும். சதுர அலையைச் சில கணினி மின்வழங்கிகள் ஏற்பதில்லை. இரண்டாவது, பல பெட்டிகள் 'யூபிஎஸ் வசதி உண்டு' என்று விளம்பரம் செய்தாலும், அவை மாற 20 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்கின்றன. மேசைக் கணினி அதற்குள் அணைந்துவிடலாம். மூன்றாவது, அதிலுள்ள லித்தியம் மின்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறைக்கு எளிய தீர்வு உண்டு. ஜெனரேட்டரிலிருந்து பவர் ஸ்டேஷனுக்கும், அதிலிருந்து சிறிய யூபிஎஸ் ஒன்றுக்கும், அதிலிருந்து கணினிக்குமாக இணைப்பது. யூபிஎஸ் அந்த ஒரு கணத்தைக் கடத்திவிடும்; பவர் ஸ்டேஷன் அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். மடிக்கணினி மட்டுமே பயன்படுத்துவோர் டைப்-சி வழியாக பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறலாம். மாறு மின்சாரமாக மாற்றி வீணாக்கும் 15 விழுக்காடும் மிச்சம்.

வெயில், குளிர், விமானம்

பேட்டரிக்குப் பெரும் பகை வெப்பம். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிரப்பக் கூடாது. ராமநாதபுரம், விருதுநகர் பகுதிகளின் கோடை வெயிலில் மூடி நிறுத்திய வேனுக்குள் அந்த அளவு எளிதில் எட்டப்படும். எனவே, பெட்டியை நிழலிலும் காற்றோட்டத்திலும் வைப்பது அவசியம். மறுபுறம், உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை நிரப்பினால் அதற்கு நிரந்தரச் சேதம் நேரும். உறைபனிக் காலத்து உதகை அதிகாலையில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெளியூர்ப் படப்பிடிப்புக்கு விமானத்தில் செல்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். 100 வாட் மணி வரையிலான உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் கொண்டுசெல்லலாம். 100 முதல் 160 வரை உள்ளவற்றை, விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும் கொண்டுசெல்லலாம். அதற்கு மேல் அனுமதி இல்லை. கேமரா பேட்டரிகள் பல 98 வாட் மணியில் தயாரிக்கப்படுவதன் காரணம் இதுவே. ஆகவே, பவர் ஸ்டேஷனைச் செல்லும் ஊரில் வாடகைக்கு எடுப்பதே வழி.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை ஏன் பயன்படுத்தக் கூடாது என்றும் கேட்கலாம். நேரடி ஒலிப்பதிவு நடக்கும் தளத்தில் அதன் ஓசை தொல்லை. மூடிய அறையிலோ வேனிலோ அதை இயக்குவது உயிருக்கே ஆபத்து. அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பல நாள்கள் மின்சாரமே எட்டாத இடத்தில், திறந்தவெளியில், பேட்டரியை நிரப்புவதற்கு மட்டும் அது பயன்படலாம். எந்த ஜெனரேட்டராக இருந்தாலும் முறையான எர்த் இணைப்பும், மின்கசிவில் துண்டிக்கும் கருவியும் இல்லாமல் வண்டியை இணைக்கக் கூடாது.

செலவு யாருக்கு, இழப்பு யாருக்கு?

இனி என் துறைக்கு வருகிறேன். ஒரு நாள் படப்பிடிப்பை மீண்டும் நடத்த 10 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குக்காகக் கொள்வோம். 500 நாள்களில் ஒரு நாள் காட்சிகள் அழியும் வாய்ப்பு இருக்கிறது என்றும் கொள்வோம். அப்படியானால், ஒவ்வொரு நாளும் தயாரிப்பாளர் தம்மை அறியாமல் 2,000 ரூபாய் இழப்பைச் சுமக்கிறார். 40 நாள் படப்பிடிப்புக்கு அது 80,000 ரூபாய். அந்த வாய்ப்பைப் பெருமளவு குறைக்கும் கருவிக்கு அதைவிடக் குறைவாகச் செலவிட்டால் அது லாபமே. அந்தக் கருவி அடுத்தடுத்த படங்களுக்கும் பயன்படும் என்பது கூடுதல். இன்னொரு கணக்கும் உண்டு. நகலை முடிக்கத் தேவையான மின்சாரம் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அதற்காக ஒரு ஜெனரேட்டர் வேனை ஓட்டினால் சில லிட்டர் டீசல் எரியும். வேன் ஊழியர்களும் காத்திருக்க வேண்டும்.

இத்தனை தெளிவான கணக்கு இருந்தும் ஏன் பலர் வாங்குவதில்லை? செலவைத் தீர்மானிப்பவரும் இழப்பைச் சுமப்பவரும் வேறு வேறு நபர்களாக இருப்பதே காரணம். மின்சாரத்துக்கான பணத்தை ஒதுக்குவது தயாரிப்பு நிர்வாகம். ஜெனரேட்டரை நிறுத்துவது வேன் ஊழியர். காட்சி அழிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கணினி உதவியாளர். பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருக்கும் இடத்தில், எந்தப் பாதுகாப்பும் ஒழுங்காக நடைபெறாது. என் மாணவரிடம் பேட்டரி வாங்கும் பணமும் இல்லை, ஜெனரேட்டரை நிறுத்தாதே என்று சொல்லும் அதிகாரமும் இல்லை. தண்டனை மட்டும் அவருக்குக் கிடைத்தது.

ஆகவே, பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. படத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் கேமரா வாடகை, விளக்கு வாடகை போன்று தரவுப் பாதுகாப்புக்கும் ஒரு வரி இடம்பெற வேண்டும். சரிபார்க்கப்பட்ட இரண்டு நகல்கள் இருவேறு டிஸ்குகளில் உருவாகும் வரை எந்த கார்டையும் துடைக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அன்றிரவே வேறொரு வாகனத்தில் செல்ல வேண்டும். கணினி வண்டியில் இருப்பவரிடம் கேட்காமல் அந்த இணைப்பின் மின்சாரத்தை யாரும் துண்டிக்கக் கூடாது. இவற்றுள் முதலாவதைத் தவிர மற்றவற்றுக்குப் பெரிய செலவில்லை.

அறுவடை முடிந்த வயலை மறுநாள் மீண்டும் விளைவிக்க முடியாது. திருவிழாக் கூட்டத்தை மீண்டும் கூட்ட முடியாது. வயது முதிர்ந்த நடிகர் ஒருவர் ஒரே முறை கண் கலங்கிய கணத்தைப் பணம் கொடுத்தும் திரும்பப் பெற முடியாது. அவற்றைக் காக்கத் தேவைப்படுவது ஒன்றரை மணி நேர மின்சாரம்.

அந்த மாணவர் இப்போது வேறொரு குழுவில் பணியாற்றுகிறார். அங்கே இயக்குநர் 'பேக்கப்' என்று சொன்னதும் எல்லோரும் ஒரு முறை கணினி வண்டியின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களாம். அவர் கையை உயர்த்திய பிறகுதான் ஜெனரேட்டர் நிறுத்தப்படுகிறது. வண்டியில் பேட்டரியும் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).